வர்ச்சுவல் நடையில காசு திரட்டுறது எப்படி? உங்க கேள்வியும் என் பதிலும்

இந்த வருஷம் நம்ம சிங்கப்பூர் ஆளுங்க நிறைய பேரு வர்ச்சுவல் சேரிட்டி வாக்குக்கு பேர் குடுத்திருக்கீங்க, ஆளாளுக்கு தனித்தனியா மெசேஜ் அனுப்பி கேக்குறீங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப்போம். நான் பல வருஷமா ஒரு அறநிறுவனத்துக்கு நிதி திரட்டல் பக்கம் தொண்டூழியம் பண்றேன். தெரிஞ்சத சொல்றேன்.

தெம்பனிஸ் தம்பி: அக்கா, வர்ச்சுவல் வாக்னா வீட்லயே நடக்கறதா?

எங்க வேணும்னாலும் நடக்கலாம். எல்லாரும் ஒரே நாள் ஒரே இடத்துல கூடாம, குடுத்த தேதிக்குள்ள அவங்கவங்க இடத்துல, அவங்கவங்க நேரத்துல நடந்து தூரத்தையோ அடிகளையோ ஆப்ல ஏத்துவாங்க. 2020-ல கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட சர்க்கிட் பிரேக்கர் சமயத்துல கூட்டம் சேர முடியாம போனப்ப இது நல்லா பரவுச்சு, அப்புறமும் நின்னுடுச்சு. ஷிஃப்ட் வேலை பாக்குறவங்களுக்கு இதுதான் வசதி.

செங்காங் அம்மா: நடக்கறது பிரச்சனையே இல்ல. காசு கேக்கத்தான் கூச்சமா இருக்கு. குரூப்ல லிங்க் போட்டேன், எல்லாரும் கைகூப்புற எமோஜி போட்டாங்க, ஒருத்தரும் குடுக்கல.

இதுதான்மா முக்கியமான கேள்வி. குரூப்ல போட்டா யாருமே தன்னை கேட்டதா நெனைக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரா கேக்கணும், பேர் சொல்லி கேக்கணும். "அண்ணே, நான் டயாலிசிஸ் நோயாளிங்களுக்காக இந்த மாசம் 100 கிலோமீட்டர் நடக்குறேன், நீங்க 20 வெள்ளி குடுத்தா பெரிய உதவியா இருக்கும்"னு தொகையோட கேளுங்க, தொகை சொல்லலன்னா மனுஷன் எவ்வளவு குடுக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு அப்படியே விட்டுடுவாரு. அதுக்கு முன்னாடி உங்க காச மொதல்ல போடுங்க, உங்க ஆன்லைன் நன்கொடைப் பக்கம் பூஜ்யத்துல இருந்தா யாருக்கும் மனசு வராது. ரெண்டாவதா வீட்டுக்காரர், கூடப் பொறந்தவங்க, அப்புறம் கூட வேலை பாக்குறவங்க. ஏன் இந்த அறநிறுவனம்னு உங்க சொந்த காரணத்த ரெண்டு வரியில எழுதுங்க, பிரோஷர்ல இருக்கறத காப்பி பண்ணாதீங்க. பாதி தூரம் முடிஞ்சதும் ஒரு போட்டோ, யாரு குடுத்தாலும் அன்னைக்கே நன்றி.

கேப்டன் டாம் மூர் ஞாபகம் இருக்கா, இங்கிலாந்துல 2020-ல 99 வயசுல வாக்கர் புடிச்சிட்டு தன் வீட்டு தோட்டத்தையே 100 தடவை நடந்தாரு. 1,000 பவுண்டு கேட்டு ஆரம்பிச்சது, கடைசியில கிட்டத்தட்ட 33 மில்லியன் பவுண்டு. தூரம் அங்க ஒண்ணுமே இல்ல, 25 மீட்டர் தோட்டம். யாரு நடக்குறாரு, எதுக்கு நடக்குறாருன்னு சொன்ன உடனே சனங்களுக்கு புரிஞ்சுது. இன்னொண்ணும் கவனிங்க, அந்தக் காசு அவர் கைக்கு வரல, ஆன்லைன் பக்கம் வழியா நேரா சுகாதார அறநிறுவனத்துக்கு போச்சு. அடுத்த கேள்விக்கு பதிலும் இதுதான்.

உட்லண்ட்ஸ் வாசி: பெரியவங்களுக்கு ஆன்லைன் வராது. என் பேநவ்ல வாங்கி கடைசியில மொத்தமா கட்டிடவா?

வேண்டாம். நீங்க நூறு சதம் நேர்மையானவரா இருந்தாலும் வேண்டாம். பேநவ்ல அனுப்புனா காசு நேரா உங்க பேங்க் கணக்குக்கு தான் வரும், அப்படி வந்தா குடுத்தவருக்கு வரிக்கழிவு ரசீது போகாது, நாளைக்கு ஒருத்தர் கணக்கு கேட்டா உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட்ட காட்டணும். அறநிறுவனத்துக்கே யூஈஎன்ங்கற அமைப்பு பதிவு எண் வச்ச பேநவ் இருக்கும், இல்லன்னா கிவிங் டாட் எஸ்ஜி நன்கொடை தளத்துல உங்க பேர்ல ஒரு பிரசாரப் பக்கம் தொறங்க, காசு நேரா அவங்களுக்கே போயிடும். பெரியவங்க பக்கத்துல உக்காந்து அவங்க போன்லயே கட்ட உதவி பண்ணுங்க. 2005-ல நன்கொடைக் காச தப்பா செலவு பண்ணாங்கன்னு வெளிவந்த தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரத்துல இந்த ஊரே எப்படி கொந்தளிச்சுதுன்னு அப்ப இருந்தவங்களுக்கு தெரியும். நம்பிக்கை போனா திரும்ப வர வருஷக்கணக்கா ஆகும்.

பொங்கோல் ரவி: வரிக்கழிவு 250 சதவீதம்னா 100 குடுத்தா 250 திரும்ப வருமா?

வராது. வரி போடுற உங்க வருமானத்துல 250 வெள்ளி கொறையும். உங்க வருமானத்தோட மேல் பகுதிக்கு 7 சதவீத வரின்னா மிச்சம் 17 வெள்ளி 50 காசு, 11.5 சதவீதம்னா 28 வெள்ளி 75 காசு. ஐபிசி தகுதி, அதாவது வரிக்கழிவு தர அங்கீகாரம், உள்ள அறநிறுவனத்துக்கு குடுத்தா மட்டும் தான் இது. குடுக்கும்போது ஐசி நம்பர், இல்லன்னா வெளிநாட்டவருக்கான ஃபின் நம்பர் குடுக்கணும், குடுத்தா வரி ஆணையமான ஐராஸுக்கு தானா போயிடும். கழிவு காசு குடுத்தவருக்கு, நடந்தவருக்கு இல்ல.

ஈசூன் மாலா: பேர்ல தான் வர்ச்சுவல், நடக்க நல்ல இடம் சொல்லுங்க அக்கா, பூங்கா இணைப்பு பாதையில நடந்து நடந்து அலுத்துப்போச்சு.

ரயில் காரிடார் போங்க! மலேசியாவோட கேடிஎம் ரயில் முன்னாடி ஓடின தடம், 2011 ஜூன் 30-ஓட ரயில் நின்னது, இப்ப 24 கிலோமீட்டர் நடைபாதை. ஹில்வியூ பக்கம் ஏறி பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலையில முடிக்கலாம், அந்த இரும்புப் பாலத்த தாண்டும்போது மனசுக்கு அவ்வளவு நல்லா இருக்கும். நெழல் கம்மியான இடம் நெறைய, அதனால விடியக்காலையிலயே கெளம்பிடுங்க. ஏற்றம் வேணும்னா சதர்ன் ரிட்ஜஸ், 10 கிலோமீட்டர், ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் ரோட்டுக்கு மேல 36 மீட்டர் ஒசரத்துல. நல்லா பழகினவங்களுக்கு கோஸ்ட் டு கோஸ்ட், ஜூரோங் லேக் கார்டன்ஸ்ல இருந்து கோனி தீவு வரைக்கும் 36 கிலோமீட்டர், ஆனா ஒரே நாள்ல பண்ணணும்னு அவசியமில்ல, துண்டு துண்டா நடந்து சேத்துக்கலாம், வர்ச்சுவல்ல அதுதானே வசதி. கெளம்பறதுக்கு முன்னாடி மைஎன்வி வானிலை ஆப்ல வெப்ப அளவு பாருங்க, டபிள்யூபிஜிடி (வெயில், ஈரப்பதம் எல்லாம் சேத்த வெப்ப அளவு) 33-க்கு மேலன்னா நடைய சாயங்காலத்துக்கு தள்ளுங்க. இடி சத்தம் கேட்டா கூரைக்கு கீழ வந்துடுங்க, மரத்தடியில நிக்காதீங்க.

அங் மோ கியோ செல்வி: பேபி ஸ்ட்ரோலர் தள்ளிட்டு நடந்தா வாட்ச்ல அடியே ஏறல.

கை ஆடாம இருக்குல்ல, அதான். போனை பேண்ட் பாக்கெட்ல போடுங்க, இடுப்பு அசைவுல எண்ணிக்கும். இல்லன்னா ஜிபிஎஸ் தூரமா பதிவு பண்ணுங்க.

குவீன்ஸ்டவுன் குமார்: ஐபிசிக்கு குடுத்தா டாக்ஸ் எவ்வளவு மிச்சம்?

மேல ரவிக்கு சொல்லியாச்சு.

புக்கிட் பாத்தோக் மாமா: எங்க வீட்டு பணிப்பெண் மார்க்கெட், பள்ளிக்கூடம்னு தினமும் நெறைய நடக்குது. என் போனை அது கையில குடுத்து அனுப்புனா அடி ஏறிடும். எங்க கம்பெனி அடிக்கு ஏத்த மாதிரி காசு குடுக்குது, நல்ல காரியத்துக்கு தானே?

கூடாது மாமா. கம்பெனி காசு குடுக்கறது நீங்க நடந்தீங்கன்னு நம்பி. அதோட அந்தப் பொண்ணு நடந்த நடை அந்தப் பொண்ணோடது.

மாமா: நானா காச எடுத்துக்கறேன்? நோயாளிக்கு தானே போகுது.

பாசிர் ரிஸ் ஃபரீதா: மாமா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. கம்பெனிக்கு காசு இருக்கு, அறநிறுவனத்துக்கு தேவை இருக்கு. யாரு நடந்தா என்ன?

தோ பாயோ அருண்: அப்ப டிரெட்மில்லும் ஏமாத்து தான், போனை கையில ஆட்டிட்டே டிவி பாக்குறவங்களும் இருக்காங்க.

ஒவ்வொண்ணா வரேன். டிரெட்மில் ஏமாத்து இல்ல, உங்க கால் தான் நடக்குது, அமைப்பாளர் ஒத்துக்கிட்டா தாராளமா நடங்க. போனை ஆட்டறது பொய். ஃபரீதா, யாரு நடந்தா என்னன்னு கேக்குறீங்க, ஒரு தடவ ஒரு கம்பெனியில இப்படி எண்ணிக்கை சந்தேகத்துல வந்துச்சுன்னா அடுத்த வருஷம் அந்த திட்டத்தையே மூடிடுவாங்க, அப்ப நஷ்டம் நோயாளிக்கு தான். அமைப்பாளர் கணக்கு பாக்கும்போது ராத்திரி மூணு மணிக்கு ஒரே சீரா ஏறின அடியெல்லாம் பளிச்சுனு தெரியும். மாமா, உங்களுக்கு நேரம் இல்லன்னா ஒரு தொகைய நேரா குடுத்துடுங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு விருப்பம் இருந்தா அது பேர்லயே பதிவு பண்ணி விடுங்க, கட்டணத்த நீங்க கட்டுங்க, அது போன்லயே அது அடி ஏறட்டும், மெடல் வந்தா அது கையில குடுங்க.

மாமா: பதிவு கட்டணம் நான் கட்டறேன். கேட்டுப் பாத்துட்டு சொல்றேன்.

காலாங் நிஷா: எங்க அண்ணன் வீல்சேர்ல இருக்காரு. அவருக்கு அடி எப்படி எண்ணறது?

ஆப்பிள் வாட்ச்ல வீல்சேர் செட்டிங் இருக்கு, அடிக்கு பதிலா கையால தள்ளறத எண்ணும். அந்த வாட்ச் இல்லன்னா ஜிபிஎஸ் தூரம். பதிவு பண்றதுக்கு முன்னாடி அமைப்பாளருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க, பெரும்பாலும் ஒத்துப்பாங்க. அண்ணனுக்கு என் வாழ்த்த சொல்லுங்க.

ஜூரோங் முருகேசன்: பதிவு கட்டணம் 45 வெள்ளி, டி-சட்டை மெடல் எல்லாம் தராங்க. இதுல அறநிறுவனத்துக்கு எவ்வளவு போகும்?

நல்லா கேட்டீங்க, கட்டறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டிய கேள்வி. அறநிறுவனங்களுக்கு 30/70 விதி இருக்கு, நிதி திரட்டற செலவு திரட்டின தொகையில 30 சதவீதத்த தாண்டக்கூடாது. ஆனா தனியார் நிகழ்ச்சி நடத்துறவங்க "ஒரு பகுதி நன்கொடை"ன்னு மட்டும் போட்டா அந்தப் பகுதி எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. எந்த அறநிறுவனம்னு பேர் வாங்கி அரசாங்கத்தோட சேரிட்டி போர்ட்டல் தளத்துல தேடிப் பாருங்க. சட்டை மெடல் வேணாம்னு சொல்ல ஒரு தேர்வு இருந்தா அத எடுத்துக்கோங்க, அந்தக் காசும் நன்கொடையா போகட்டும்.

கிளெமெண்டி கார்த்தி: புதுக்கோட்டை பக்கம் எங்க ஊர் பள்ளிக்கு இதே மாதிரி நடந்து திரட்டலாமா? என் பேநவ்ல வாங்கி அனுப்பிடுவேன்.

தம்பி, மொதல்ல பேநவ், மேல உட்லண்ட்ஸ்காரருக்கு சொன்னத படிங்க. அடுத்தது, வெளிநாட்டு காரியத்துக்கு இங்க பொதுமக்கள்கிட்ட திரட்டணும்னா அறநிறுவன ஆணையர்கிட்ட பெர்மிட் வாங்கணும், வரிக்கழிவும் கெடையாது. இந்தியாவுலயும் வாங்குற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான சட்டத்துல, பதிவு இருக்கணும், வெளிநாட்டு நன்கொடை மொதல்ல டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளை கணக்குல தான் எறங்கணும். ரெண்டையும் விசாரிக்காம போஸ்டர் அடிக்காதீங்க.

சுவா சூ காங் ராஜி: புளோக் கீழ வாய்ட் டெக்ல டின் வச்சு வசூல் பண்ணலாமா?

அதுக்கு தனி உரிமம் வேணும். அறநிறுவனத்த கேக்காம டின்னை வெளிய எடுக்காதீங்க.

பிடோக் சுந்தரம்: எனக்கு சர்க்கரை, இன்சுலின் போடறேன், 10,000 அடி கட்டாயமா?

கட்டாயம் இல்ல ஐயா. அந்த 10,000 எண்ணிக்கை 1965-ல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணும் கருவியில இருந்து வந்தது, மருத்துவர் எழுதிக் குடுத்ததில்ல. உங்களுக்கு எவ்வளவு, எப்ப சாப்பிட்டுட்டு நடக்கணும்னு பாலிகிளினிக் டாக்டரத்தான் கேக்கணும், நான் சொல்லக்கூடாது. பையில இனிப்பு வச்சுக்கோங்க, செருப்போட தூரம் போகாதீங்க, வந்ததும் பாதத்த பாருங்க.

செம்பவாங் தினேஷ்: எந்த பிராண்ட் ஷூ?

கடையில போட்டு நடந்து பாருங்க, காலுக்கு எது சரியோ அது.

ஹவ்காங் லதா: 500 வெள்ளி இலக்கு, 80 தான் வந்திருக்கு, இன்னும் ஒரு வாரம் இருக்கு. பக்கத்த மூடிடலாமான்னு இருக்கு.

மூடாதீங்க லதா. 80 வெள்ளி அங்க போய் சேந்துடுச்சு, அது வீண் இல்ல. இன்னும் கேக்காத பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க, பழைய வேலை இடம், பிள்ளைங்க பள்ளி அம்மாமாருங்க, கோயில்ல கூட சேவை பண்றவங்க. தினமும் மூணு பேருக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம், போன். உங்க ஆபீஸ் எச்ஆர்கிட்ட ஊழியர் திரட்டற காசுக்கு ஈடா கம்பெனியும் போடுமான்னு நாளைக்கே கேளுங்க. முதல்ல குடுத்தவங்ககிட்ட "இன்னும் ஒருத்தருக்கு லிங்க் அனுப்ப முடியுமா"ன்னு கேக்கலாம், திரும்ப காசு கேக்காதீங்க. லிங்க்க எனக்கும் அனுப்புங்க, இன்னைக்கே என் பங்க போடறேன்.