டேட்டா சென்டர் வெறும் பெட்டியா?

அன்புள்ள சார்,

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். படித்து முடித்ததிலிருந்து உயரமான குடியிருப்புக் கட்டடங்களில்தான் வேலை. இப்போது டேட்டா சென்டர் டீமுக்கு மாற்றப் பார்க்கிறார்கள். சம்பளம் கூடும். ஆனால் கூட இருப்பவர்கள், "அது வெறும் பெட்டி, ரெண்டு வருஷத்தில் தெரிந்ததும் மறந்துவிடும்" என்கிறார்கள். ஏஐ அலை ஓய்ந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போங்கள். பெட்டி என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. உயரக் கட்டடத்தில் காற்றோடு நீங்கள் போராடிய அளவுக்கு இங்கே போராட வேண்டியதில்லை. கஷ்டமே வேறு இடத்தில். லோடு, அதாவது கட்டடம் தாங்க வேண்டிய சுமை, எவ்வளவு என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில் நீங்கள் டிசைனை முடித்துக் கொடுக்க வேண்டும்.

குடியிருப்புக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 200 கிலோ எடை) என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். சர்வர்கள் நிற்கும் டேட்டா ஹாலுக்கு, டேட்டா சென்டர்களுக்கான டிஐஏ-942 தரநிலை குறைந்தது 7.2, முடிந்தால் 12 என்கிறது. என்விடியாவின் ஏஐ சர்வர் அலமாரியான ஜிபி200 என்விஎல்72 ரேக் ஏறக்குறைய 1,360 கிலோ. 600-க்கு 1,200 மில்லிமீட்டர் இடத்தில் அது நிற்கிறது என்று வைத்தால், அதன் அடியில் மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 18.5 கிலோநியூட்டன். பதற வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள நடைவழியில் பாதிப் பாதியைச் சேர்த்துப் பரப்பினால் பத்துக்குள் வந்துவிடும். ஆனால் ரேக் நாலு காலில்தான் நிற்கிறது, அதுவும் சமமாகப் பகிர்ந்தால்தான் காலுக்கு 340 கிலோ. ரைஸ்டு ஃப்ளோர் (தரைக்கு மேல் தூக்கிப் போட்ட பலகைத் தளம்) இருந்தால் அந்தப் பலகை தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம், ரேக் பறந்து வருவதில்லை. ஹாலுக்கு 12 போட்டுவிட்டு, லாரியிலிருந்து இறக்கும் இடம் முதல் ஹால் வாசல் வரையிலான வழிக்கு 5 போட்ட டிராயிங்கை நான் பார்த்திருக்கிறேன்.

தரையைவிட எனக்குக் கவலை தரும் இடம் கூரை. கேபிள் ட்ரே, மின்சாரம் கொண்டுபோகும் பஸ்பார், குழாய் எல்லாம் மேலே இருந்துதான் தொங்கும். அதே தரநிலை இதற்குக் சதுர மீட்டருக்குக் குறைந்தது 1.2, முடிந்தால் 2.4 கிலோநியூட்டன் கேட்கிறது. மீட்டிங்கில் மெக்கானிக்கல்காரர் "இன்னும் ஒரே ஒரு பைப்தான் சார்" என்பார். 300 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீர் மட்டுமே மீட்டருக்கு 70 கிலோ. இரும்பின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவு. போகும் குழாய் இருந்தால் திரும்பும் குழாயும் உண்டு. திரவக் குளிர்ச்சி வந்த பிறகு இந்த "ஒரே ஒரு பைப்" பெருகிக்கொண்டே போகிறது.

இதில் அவசரம் வேறு. ஸ்டீல் ஆர்டர் போக வேண்டிய தேதியில், மொட்டைமாடியில் வைக்கும் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) எந்தக் கம்பெனியுடையது என்பதே முடிவாகியிருக்காது. மூன்று கம்பெனியின் எடையையும் தாங்கு புள்ளிகளையும் வாங்கி, மோசமானதை எடுத்து, அதை டிராயிங்கில் எழுதியும் வைப்பீர்கள். கிளையன்ட் "இவ்வளவு ஸ்டீல் எதற்கு?" என்பார். அங்கேதான் உங்கள் மூளைக்கு வேலை. எல்லா இடத்திலும் தாராளம் காட்ட முடியாது. நான் தூணிலும் அஸ்திவாரத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன், பின்னால் அவற்றை வலுப்படுத்துவது நரகம். சில்லரை நேரடியாகத் தாங்கும் சின்ன பீம்களில் கறாராக இருப்பேன். மெஷின் மாறினால் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எந்த மென்பொருளும் உங்களுக்காக இந்த முடிவை எடுக்காது.

நிலநடுக்கப் பகுதியென்றால் இன்னொன்று. சாதாரணக் கட்டடத்தில் ஆட்கள் உயிரோடு வெளியே வந்தால் போதும் என்பதே அடிப்படை. இங்கே அதிர்வு நின்ற பிறகும் மெஷின் ஓட வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே தொங்கும் குழாய் ஆடாமல் பிடிக்கும் பிரேஸிங், ஜெனரேட்டரைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் எல்லாம் உங்கள் தலையில்.

ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு விஷயத்தில் சரி. இரண்டாவது கட்டடம் முதலாவதின் நகலாகவே வரும், மூன்றாவதும் அப்படித்தான். மாடல் போட்டு ரீபார் (கான்கிரீட் கம்பி) அட்டவணை எடுத்துக்கொண்டே உட்கார்ந்தால் துருப்பிடிப்பது நிச்சயம்.

ஏஐ அலை எவ்வளவு நாள் ஓடும் என்று ஆரூடம் சொல்ல நான் ஆளில்லை. கனமான மெஷின், தொங்கும் சுமை, ஆங்கர் என்று கற்றுக்கொண்டவரை மருத்துவமனை, மருந்து ஆலை, சிப் தொழிற்சாலை வேலைகளுக்கும் கூப்பிடுவார்கள்.

மாறும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள். அந்த டீமில் லோடு டிராயிங் யார் கையில் இருக்கிறது? "மெக்கானிக்கல் டீம் அனுப்புவார்கள், நாங்கள் போட்டுக்கொள்வோம்" என்று பதில் வந்தால், சம்பளத்தைப் பேசும்போதே அந்த டிராயிங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.