'புரிஞ்சுக்குவாங்க'ன்னு எழுதினா என்ன தப்பு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு: கோர்ஸ் பிளான் பண்ணும்போது கற்றல் விளைவுக்கு, அதாவது பாடம் முடிஞ்சதும் மாணவர்கள் என்ன செய்வாங்கன்னு எழுதற வாக்கியத்துக்கு, எந்த வினைச்சொல் போடறது. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: நான் புள்ளியியல் எடுக்கறேன். "மாணவர்கள் சராசரி, இடைநிலை பற்றிப் புரிந்துகொள்வார்கள்"னு எழுதி அனுப்பினேன். 'புரிந்துகொள்'ளைச் சிவப்புல சுழிச்சுத் திருப்பிட்டாங்க. புரியறதுக்குத்தானே சார் படிப்பே?

பதில்: அதுக்குத்தான், யாரு இல்லைன்னா. ஆனா புரிஞ்சுதா இல்லையான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? "புரிஞ்சுதா"ன்னு கேட்டா "புரிஞ்சுது சாஆஆர்"னு கோரஸா வரும், பரீட்சை பேப்பர் திருத்தும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

ஒரு அஞ்சு எண் எடுத்துக்கோங்க: 10, 11, 12, 13, 94. கூட்டினா 140, சராசரி 28. நடுவுல நிக்கற இடைநிலை 12. இதைப் போட்டுக் காட்டறது ஒரு வேலை, அதுக்கு 'கணக்கிடுவார்கள்'னு எழுதலாம். ஆனா இன்னொரு பையன் இருக்கான், அவன் 28ஐப் பார்த்துட்டு, என்னடா இது அஞ்சுல நாலு எண் 13க்குள்ளயே இருக்கு, 28 கிட்ட ஒண்ணுகூட இல்லையே, அந்த 94 தனியா நின்னு எல்லாத்தையும் மேல இழுத்துடுச்சு, இங்க இடைநிலையைச் சொன்னாதான் நியாயம்ங்கறான். இது வேற வேலை. இதுக்கு 'எந்த அளவு பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுவார்கள்'னு எழுதணும். உங்க 'புரிந்துகொள்'ளுக்குள்ள இந்த ரெண்டு பேருமே ஒளிஞ்சிருக்காங்க, நீங்க யாரைத் தேடறீங்கன்னு எழுதினாதான தெரியும்?

ராபர்ட் மேகர்னு ஒருத்தர் 1962லயே இதுக்கு ஒரு வழி சொல்லிட்டார். செய்யற காரியம் என்ன, எந்த நிலைமையில செய்யணும், எந்த அளவுக்குச் செஞ்சா போதும்னு மூணும் வாக்கியத்துல இருக்கணும்னார். உங்களோடதை அப்படி மாத்தினா, "புதுசா ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்தால், சராசரி, இடைநிலை இரண்டில் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, தரவிலிருந்தே ஒரு காரணமாவது காட்டி நியாயப்படுத்துவார்கள்." கொஞ்சம் நீளம்தான், ஆனா கேள்வித்தாள்ல பாதி இதுலயே வந்துடுது பாருங்க.

'தெரியும்'ங்கற நம்ம சொல்லு வேற ஒரு பொல்லாதது. 'நீந்தத் தெரியும்'னா தண்ணில தள்ளினா கரை ஏறிடுவான்னு அர்த்தம். 'நீச்சல் பத்தித் தெரியும்'னா மணிக்கணக்கா பேசுவான், தள்ளினா முழுகிடுவான். பாடத்திட்டத்துல நாம 'அறிவார்கள்'னு எழுதும்போது இதுல எதைச் சொல்றோம்னு எழுதறவருக்கே பல நேரம் தெரியறதில்லை. அதனால 'பற்றி'ன்னு வர்ற இடத்தையெல்லாம் ஒருதரம் சந்தேகமா பாருங்க, தப்பு பெரும்பாலும் அங்கதான் பதுங்கியிருக்கும்.

கேள்வி: பயிற்சி வகுப்புல ப்ளூம் பட்டியல்னு ஒரு தாள் கொடுத்தாங்க. ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கூடை வினைச்சொல். 'விளக்கு' மூணு படியில இருக்கு, 'ஒப்பிடு' ரெண்டு படியில. எதை நம்பறது?

பதில்: ஆறு படியை நம்புங்க, கூடையை ரொம்ப நம்பாதீங்க. கற்றல் நோக்கங்களைப் படிப்படியா அடுக்கி 1956ல பெஞ்சமின் ப்ளூம் தலைமையில ஒரு குழு போட்ட வகைப்பாடு இது. அப்போ படிகளெல்லாம் பெயர்ச்சொல்லா இருந்துச்சு, அறிவு, புரிதல்னு ஆரம்பிச்சு தொகுத்தல், மதிப்பிடல்னு முடியும். 2001ல ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தும்போது எல்லாத்தையும் வினையா மாத்தினாங்க: நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாராய், மதிப்பிடு, உருவாக்கு. மேல இருந்த ரெண்டும் இடம் மாறிச்சு, தொகுத்தல்ங்கறது உருவாக்குன்னு ஆகி உச்சிக்குப் போயிடுச்சு. ஆமா, ரெண்டாவது படியோட பேரே 'புரிந்துகொள்'தான், அதைக் காட்டி சிவப்புப் பேனாக்காரர் கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, அது படியோட பேரு, நீங்க எழுதற வாக்கியத்துக்கான வினை இல்லை.

படி எதுன்னு சொல்லை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, மாணவன் கையில என்ன வேலை கொடுக்கறோம்ங்கறதை வெச்சுதான் பண்ணணும். ஒரு இலக்கிய ஆசிரியர் ரெண்டு கவிதையை வகுப்புல ஒப்பிட்டு நோட்ஸ் கொடுத்துடறார், பரீட்சைல அதே ரெண்டு கவிதையைப் போட்டு "ஒப்பிடுக"ங்கறார். பேப்பர்ல பார்த்தா பகுத்தாராயறது மாதிரி கம்பீரமா இருக்கு, பையன் செய்யறது என்னவோ நோட்ஸை நினைவுகூர்றதுதான். அவனுக்கு முன்னப்பின்ன பார்க்காத ரெண்டு கவிதையைக் கொடுத்து அதே "ஒப்பிடுக"வைப் போட்டுப் பாருங்க, அப்போ படி உண்மையிலயே ஏறிடும், மார்க்கும் இறங்கும், அது வேற கதை. அதனால வினைச்சொல்லுக்கு முன்னாடி 'புதிய', 'வகுப்பில் பார்க்காத'ன்னு ஒரு சொல் சேர்க்கலாமான்னு யோசிங்க, பட்டியலைப் புரட்டிக்கிட்டிருக்கறதைவிட அதுல பலன் ஜாஸ்தி.

கேள்வி: நர்சிங் பாடம். "நோயாளியின் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள்"னு எழுதியிருக்கேன், அளக்கலாம், பார்க்கலாம், வினைச்சொல் சரின்னுட்டாங்க. ஆனா ஏதோ இடிக்குது.

பதில்: கேள்வித்தாளை எடுத்துப் பாருங்க. "ரத்த அழுத்தம் அளக்கும் முறையை விவரி – 10 மதிப்பெண்" அப்படின்னு இருக்குமே? அதான் இடிக்குது. அளக்கறதுன்னு சொல்லிட்டு அளக்கறதைப் பத்தி கட்டுரை கேக்கறோம். ஜான் பிக்ஸ்ங்கறவர் 1996ல எழுதினது இதைப் பத்திதான், விளைவுல எழுதின வினை, வகுப்புல நடக்கற வேலை, பரீட்சைல கேக்கற வேலை மூணும் ஒரே வினையா இருக்கணும்ங்கறார். அளக்கணும்னா ரத்த அழுத்தம் பார்க்க நோயாளி கையில சுத்தற பட்டையை மாணவர் கையில கொடுங்க, பக்கத்துல ஒருத்தர் தாளோட நின்னு பார்க்கட்டும்: கைக்கு ஏத்த சைஸ் பட்டையா, நோயாளியை அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சாங்களா, கை இதய மட்டத்துல இருக்கா, காலு மேல காலு போட்டிருக்காரா, அளக்கும்போது பேச்சு கொடுத்தாங்களா. இவ்வளவுக்கும் இடமில்லை, ஆளில்லைன்னா, சரி, அப்போ விளைவை 'விவரிப்பார்கள்'னு நேர்மையா குறைச்சு எழுதிடுங்க. ஆனா அதைப் படிச்சுட்டு யாரும் இவங்களுக்கு அளக்க வரும்னு நம்பிடக் கூடாது.

கேள்வி: "பட்டியலிட்டு, ஒப்பிட்டு, மதிப்பிட்டு, வடிவமைப்பார்கள்." எப்படி இருக்கு?

பதில்: மூச்சு வாங்குது. நாலுல மூணு செஞ்சவனுக்கு விளைவு கிடைச்சுதா இல்லையா? பெரிய வினையை மட்டும் வெச்சுக்கோங்க, வடிவமைக்கறவன் வழியில ஒப்பிட்டுத்தான் வந்திருப்பான்.

கேள்வி: தொழில் நெறிமுறைப் பாடம். "நேர்மையை மதிப்பார்கள்"னு எழுதக் கூடாதாம். அப்போ மனப்பான்மைக்கு இடமே கிடையாதா?

பதில்: இருக்கே. ப்ளூம், கிராத்வோல் ஆளுங்களே 1964ல உணர்வு சார்ந்ததுக்குத் தனியா அஞ்சு படி போட்டாங்க, கவனம் கொடுக்கறதுல தொடங்கி, மதிக்கறதைத் தாண்டி, அது குணமாவே ஆகற வரைக்கும். ஆனா மனசைத் திறந்து பார்க்க முடியாதே, வெளிய தெரியற நடத்தையைத்தான் எழுத முடியும். "குழு அறிக்கையில் யார் எதைச் செய்தார்கள் என்று குறிப்பிடுவார்கள், பிறர் கருத்தை எடுத்தாளும் இடத்தில் அதைச் சொல்வார்கள்"னு எழுதிப் பாருங்க. மார்க்குக்காக நேர்மையா நடிக்கறவனும் இதுல பாஸ் ஆயிடுவான்தான், அதுக்கு எந்த வினைச்சொல்லாலயும் பூட்டுப் போட முடியாது. அதனால இந்த வகை விளைவுக்கு மார்க் போடாம வருஷம் முழுக்கக் கவனிச்சுக் குறிச்சு வெக்கறதுதான் எனக்குச் சரின்னு படுது, உங்க நிர்வாகம் ஒத்துக்கணும்.

கேள்வி: ஒரே வினைச்சொல் மூணு விளைவுல வந்துடுச்சு. அசிங்கமா இருக்கு, மாத்திடவா?

பதில்: மூணு இடத்துலயும் வேலை கணக்கிடறதுதான்னா மூணு இடத்துலயும் 'கணக்கிடுவார்கள்'னே இருக்கட்டும், கட்டுரைப் போட்டியா நடக்குது? அழகுக்காக ஒண்ணை 'கணிப்பார்கள்'னு மாத்தினீங்கன்னு வைங்க, கேள்வித்தாள் எடுக்கறவர் அதைப் படிச்சுட்டு அடுத்த அஞ்சு வருஷம் எப்படி இருக்கும்னு கணிக்கச் சொல்லி ஒரு கேள்வி வெப்பாரு, நீங்க நடத்தவே நடத்தாத பாடத்துல பசங்க மாட்டிக்குவாங்க.