சாட்சிகள் இருவரும் ஒன்றாக உட்காரவில்லை: அப்பச்சியின் உயில் நிற்குமா?

கேள்வி: எங்களுக்குக் கானாடுகாத்தான் பக்கம். எங்கள் அப்பா, அதாவது அப்பச்சி, 2018 தை மாதம் தன் கைப்பட உயில் எழுதி, பெரிய வீட்டில் தனக்குள்ள பங்கை எனக்கு வைத்தார்கள். காலையில் அப்பச்சி கையெழுத்துப் போட்டபோது எங்கள் கணக்குப்பிள்ளை கூட இருந்து சாட்சி போட்டார். அடுத்த வீட்டு அண்ணன் சாயங்காலம் வந்துதான் போட்டார். நான் அப்போது சென்னையில் இருந்தேன். ஆத்தா (அம்மா) இரண்டு நேரமும் அங்கேயே இருந்தார்கள். உயிலைப் பதிவு செய்யவில்லை. அப்பச்சியும் கணக்குப்பிள்ளையும் இப்போது இல்லை. தம்பி போன மாதம் தேவகோட்டையில் பாகவழக்குப் போட்டிருக்கிறான். "சாட்சிகள் ஒரே நேரத்தில் இல்லை, பதிவும் இல்லை, உயில் செல்லாது" என்கிறான். அண்ணனோ, "அப்பச்சி கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கலையே" என்று தயங்குகிறார். என்ன செய்வது?

பதில்: ஆச்சி, உங்கள் தம்பி சொல்லும் இரண்டு காரணமும் சட்டத்தில் நிற்காது. ஆனால் அவர் சொல்லாத சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள்.

உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்த உயிலாக இருந்தாலும் சாட்சியைக் கூண்டில் ஏற்றித்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும், எழுதியவர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று எழுதியவரே தன்னிடம் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம், எழுதியவர் முன்னிலையில் தானும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே அண்ணன் பார்க்கவில்லை என்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அப்பச்சி அவரிடம் என்ன சொன்னார்கள்? "நான் போட்டுட்டேன், நீங்க சாட்சி போடுங்க" என்று தாளைக் காட்டிச் சொல்லியிருந்தாலே போதும். அடுத்தது, அண்ணன் எங்கே உட்கார்ந்து போட்டார், அப்போது அப்பச்சி எங்கே இருந்தார்கள்? நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வாசற்கதவுகளெல்லாம் திறந்திருந்தால் முகப்பில் இருந்தே நடுமுற்றமான வளவைத் தாண்டிப் பின்கட்டு வரை நேராகத் தெரியும். அண்ணன் முகப்பில் போட்டு, அப்பச்சி வளவில் அந்த நேர்ப்பார்வையில் சாய்ந்திருந்தால், முன்னிலையில் போட்டதுதான் என்று வாதாடலாம். வளவை ஒட்டிய அறைக்குள் கதவைச் சாத்திப் படுத்திருந்தால் அது முன்னிலை ஆகாது. எழுதியவர் பார்க்க நினைத்தால் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாரா என்பதே கேள்வி. இதை ஆத்தாவிடமும் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஒரு வார்த்தை மாறினாலும் மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி அந்தச் சிக்கல். குறைந்தது ஒரு சாட்சியையாவது விசாரித்தே உயிலை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தில் 68ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 67. ஒருவரை மட்டும் விசாரித்தால் போதும்தான், ஆனால் அந்த ஒருவரின் வாயிலிருந்தே இரண்டு சாட்சிக் கையெழுத்தும் முறைப்படி விழுந்தது என்று வர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் சொல்லிவிட்டது. அடுத்த வீட்டு அண்ணன் சாயங்காலம் வந்தவர். கணக்குப்பிள்ளை காலையில் போட்டதை அவர் எப்படிச் சொல்வார்?

அந்த வழக்கில் இன்னொரு சாட்சி உயிரோடு இருந்தும் அவரைக் கூப்பிடவில்லை. உங்கள் வழக்கில் மற்ற சாட்சியான கணக்குப்பிள்ளை இறந்தேவிட்டார். சாட்சி மறுத்தாலோ, நினைவில்லை என்றாலோ, வேறு சாட்சியத்தால் நிரூபிக்கலாம் என்று பழைய 71, இப்போதைய 70ஆவது பிரிவு வழிவிடுகிறது. 2013இல் எம்.பி. ரமேஷ் வழக்கில், மற்ற சாட்சி கையெழுத்துப் போட்டதை விசாரிக்கப்பட்ட சாட்சி தெளிவாகச் சொல்லாதபோதும், உச்ச நீதிமன்றம் இந்த வழியில் மற்ற சாட்சியத்தைப் பார்த்து உயிலை ஏற்றது. உங்கள் வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேறு சாட்சியம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. முதலில் ஆத்தா. உயில் விழுந்தால் அப்பச்சியின் பங்கு ஆத்தா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமமாகப் போகும். அதாவது உயில் நின்றால் ஆத்தாவுக்குத்தான் நஷ்டம். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் ஒரு தாய் வந்து, "காலையில் இவர் போட்டார், சாயங்காலம் அவர் போட்டார், நான் பார்த்தேன்" என்று சொன்னால் எந்த நீதிபதியும் அதை லேசில் ஒதுக்க மாட்டார். அடுத்தது கணக்குப்பிள்ளையின் பேரேடுகள். அவர் வருஷக்கணக்கில் எழுதிக் கையெழுத்திட்ட பக்கங்கள் பெட்டகத்தில் கிடக்கும். பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உயிலில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. அப்பச்சி கைப்பட எழுதிய பழைய கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். கைப்பட எழுதிய உயிலுக்கும் சாட்சி வேண்டும்தான், ஆனால் இது போலி என்ற பேச்சுக்கு அது நல்ல பதில். நீங்கள் அன்று ஊரிலேயே இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகம்.

தம்பியின் வழக்குக்குப் பதிலாக நீங்கள் தரும் எதிர்வழக்குரையில் காலை, சாயங்காலம், யார் எங்கே உட்கார்ந்தார் என்பதெல்லாம் வர வேண்டும். அண்ணன் தன் சாட்சியமாக எழுதித் தரும் நிரூபண வாக்குமூலத்தில் "இது என் கையெழுத்து" என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. அப்பச்சி ஒப்புக்கொண்டது, அப்பச்சி முன்னிலையில் தான் போட்டது, தான் போடும்போது கணக்குப்பிள்ளையின் கையெழுத்து அந்தத் தாளில் ஏற்கெனவே இருந்தது என்றால் அதுவும், எல்லாம் இருக்க வேண்டும். உண்மையான உயில்கள் இந்த ஒரு வரி விட்டுப்போனதால் தோற்பது எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

ஆத்தாவுக்கு வயதாகியிருக்கும். விசாரணை முறை வரும்வரை காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே விசாரிக்கவும், நடமாட முடியாவிட்டால் ஆணையர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதியவும் இப்போதே மனுப் போடச் சொல்லுங்கள். அண்ணனுக்கும் அப்படியே.