துடிக்கும் விண்மீனில் அதிர்ச்சி அலை

கேள்வி: சுருங்கி விரியும் விண்மீன்களின் வளிமண்டலத்தில் அதிர்ச்சி அலைகள் எழுகின்றன என்று படித்தேன். ஒலியை மிஞ்சும் விமானம்போல அங்கே எதுவும் பறக்கவில்லையே, அலை எப்படித் தோன்றுகிறது? அதை இங்கிருந்தபடியே எவ்வாறு அறிகிறார்கள்?

பதில்: அங்கே ஒலியை மிஞ்சி விரைவது விண்மீனின் வாயுவேதான். திமிங்கில விண்மீன் கூட்டத்திலுள்ள மைராவை எடுத்துக்கொள்வோம். 1596-இல் வானியலாளர் டேவிட் ஃபாப்ரீசியுஸ் கவனித்த இந்தச் செம்பெரு விண்மீன், ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிர்ந்து, பின்னர் மங்கி மறைகிறது.

ஒவ்வொரு துடிப்பின்போதும் உள்ளிருந்து ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. தொடக்கத்தில் அது சாதாரண ஒலியலைதான். ஆனால் மேலே செல்லச் செல்ல வாயுவின் அடர்த்தி வெகுவாகக் குறைவதால், அலையின் ஆற்றலைச் சுமக்கும் பொருள் குறைந்து, அதன் அசைவு விரைவுபடுகிறது. நுனி நோக்கி மெலியும் சாட்டை, வீசும்போது ஒலிவேகத்தைக் கடந்து சுளீரென ஒலிப்பதும் இவ்வாறே. மைராவின் வெளியடுக்குகளில் ஒலிவேகம் நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். முந்தைய துடிப்பில் மேலே எறியப்பட்ட வாயு ஈர்ப்பால் திரும்பி விழுந்துகொண்டிருக்கையில், அடுத்த அலை அதனுடன் மோதுகிறது. இத்தகைய விண்மீன்களில் இரண்டுக்குமான வேக வேறுபாடு நொடிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரை இருக்கும். இது ஒலிவேகத்தைப் பலமடங்கு மிஞ்சுவதால், மோதுமிடத்தில் வாயு திடீரென நெருக்கப்படுகிறது; அதுவே அதிர்ச்சி அலை.

இதற்கான சான்று நிறமாலையில், அதாவது நிறம்நிறமாகப் பிரித்த விண்மீனின் ஒளியில், இருக்கிறது. சுமார் 3,000 கெல்வின் வெப்பமே உள்ள மேற்பரப்பு ஹைட்ரஜனை ஒளிரச் செய்யாது. இருந்தும் ஒளி உச்சத்தை ஒட்டி ஹைட்ரஜனின் ஒளிர்கோடுகள் (சூடான ஹைட்ரஜன் தனக்கே உரிய நிறங்களில் வீசும் ஒளி) பளிச்சென்று தெரிகின்றன. அதிர்ச்சி அலையின் முன்விளிம்பில் வாயு சட்டென்று சூடேறுவதே காரணம். அதைவிட நேரடியான சான்றாக எனக்குத் தோன்றுவது, அகச்சிவப்பில் கார்பன் மோனாக்சைடின் கோடுகள் இரண்டாகப் பிரிவதுதான். வாயு நகரும் திசைக்கேற்ப அதன் கோடு இடம் மாறும். ஒன்று நம்மை நோக்கி எழும் வாயுவுடையது, மற்றது விண்மீனை நோக்கி விழும் வாயுவுடையது; மோதலின் இருபுறமும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன.

இந்த அலை மட்டுமே வாயுவை விண்மீனிலிருந்து முற்றிலும் வெளியேற்றிவிடாது. வாயுவை உயரத்துக்குத் தூக்கிக் குளிரவைப்பதே அதன் பெரும்பணி. அங்கே தூசித் துகள்கள் உறைகின்றன. விண்மீனின் ஒளி அவற்றை வெளியே தள்ள, அவை வாயுவையும் இழுத்துக்கொண்டு செல்கின்றன. மைரா இப்படி இழந்த பொருள் சுமார் 13 ஒளியாண்டு நீள வாலாகப் பின்தொடர்வதை, கேலெக்ஸ் விண்கலத்தின் புறஊதாப் படங்கள் 2007-இல் காட்டின.