இரவு வானத்தைப் படமெடுக்கப் புதுக் கேமரா வாங்கணுமா, வீட்டிலேயே எதையாவது செய்து சமாளிக்கலாமா?

நான் முதலில் புதுக் கேமராதான் வாங்கினேன். 50 மிமீ லென்ஸை மாட்டி, ஷட்டரை 10 விநாடி திறந்து ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையை எடுத்தேன். கேமராத் திரையில் அபாரம். பெரிதாக்கினால் மூன்று நட்சத்திரமும் மூன்று சின்னக் கோடு. பூமி சுற்றுவதால் வானம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது; கேமரா என்ன விலையாக இருந்தால் அதற்கென்ன?

அப்புறம்தான் கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பலகை வேலையில் இறங்கினேன். இரண்டு பலகையை ஒரு கீலால் சேர்த்து, கீலின் அச்சுக் கம்பியிலிருந்து 228.6 மிமீ தள்ளி, கீழ்ப்பலகையில் நட்டு பதித்து 6 மிமீ போல்ட் ஒன்றை ஏற்றினால் போதும். அதன் மரை சுற்றுக்கு 1 மிமீ ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் கேமராவைத் தாங்கும் மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். அதாவது கடிகாரத்தின் விநாடி முள் போகிற வேகம். போல்ட்டின் தலையில் வட்ட அட்டை ஒட்டி 12 கோடு போட்டுக்கொண்டேன். 5 விநாடிக்கு ஒரு கோடு, கை நடுங்காமல்.

கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு நோக்கி நின்றால் கீல் இடது பக்கம். முதல் நாள் நான் மாற்றி வைத்துவிட்டேன். பலகை வானத்துக்கு எதிராகத் திரும்பி, கோடுகள் இரண்டு மடங்கு நீளமாக வந்தன! ஒரு மணி நேரம் லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரியாக வைத்த பிறகு ஷட்டரை 2 நிமிடம் திறக்க முடிந்தது. 10 விநாடியோடு ஒப்பிட்டால் 12 மடங்கு வெளிச்சம். கேமராவை மட்டும் மாற்றி இந்த லாபம் கிடைக்காது.

புதுக் கேமரா வீண் என்று சொல்லவில்லை. பழையதில் ஃபோகஸ் செய்வது குருட்டாம்போக்கு. புதியதில் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தியதும் ஃபோகஸ் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், இருட்டில் கை பட்டால் போச்சு.

உங்களிடம் ஏற்கெனவே ஷட்டரை இஷ்டப்படி திறந்து வைக்க முடிகிற கேமரா இருந்தால், முதலில் பலகை. தொலைவை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் மாட்டும் ஆசை வந்தால் மட்டும் கைத்திருகல் பத்தாது, மோட்டார் வேண்டும்.