புதையல் தீவை பென் கன் சொன்னால்

கேள்வி: புகழ்பெற்ற சிறுவர் சாகசக் கதை ஒன்றை வேறொரு பாத்திரத்தின் வாயால் சொல்ல வேண்டுமானால், எந்தக் கதை, எந்தப் பாத்திரம்?

ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. சொல்பவன் பென் கன்.

1883இல் புத்தகமாக வந்த இந்தக் கதையைத் திருப்பிச் சொல்லக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் சில்வரிடம்தான் போகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. சிறுவன் ஜிம் சொல்லும்போதே சில்வர் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிடுகிறான். அவனுக்கு இன்னொரு மேடை எதற்கு?

பென் கன்னை மறந்தவர்களுக்காக: புதையல் தேடிக் கிடைக்காத ஆத்திரத்தில், கூட்டாளிகள் ஒரு துப்பாக்கியையும் மண்வெட்டியையும் கொடுத்துத் தீவிலேயே விட்டுப்போன மாலுமி அவன். மூன்று ஆண்டுகள் ஆட்டிறைச்சியும் காட்டுப்பழமும் சிப்பியும் தின்று, பாலாடைக்கட்டியைக் கனவு கண்டே காலம் தள்ளுகிறான். ஜிம்மின் கப்பல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே புதையலைக் கண்டுபிடித்துத் தன் குகைக்குச் சுமந்துவிடுகிறான். ஆக, புதையல் வரைபடத்துக்காக அத்தனை பேர் வெட்டிக்கொண்டு சாகும் நேரத்தில், அது காட்டும் குழி காலி. ஜிம்முக்கு இது கடைசியில்தான் தெரியும்; பென் கன்னுக்கு முதல் வரியிலேயே தெரியும். அவன் சொன்னால் ‘புதையல் எங்கே’ என்ற கேள்வியே எழாது. கப்பலில் வந்த இரு கூட்டத்தில், அதாவது ஜிம்மின் தரப்பிலும் சில்வரின் கலகக்காரர்களிலும், எது தன்னை ஊருக்குக் கூட்டிப்போகும், எது கழுத்தை அறுக்கும் என்பதுதான் கதை. பார்வையை மாற்றுவது என்றால் இதுதான். கெட்டவனை நல்லவனாக்குவது வெறும் சாயம் பூசும் வேலை.

சொல்லும் ஆளை மாற்றுவது இந்தக் கதைக்குப் புதிதும் அல்ல. ஜிம் பார்க்க முடியாத இடங்களுக்காக, 16 முதல் 18 வரையிலான அத்தியாயங்களை ஸ்டீவன்சனே மருத்துவர் லிவ்சியிடம் கொடுத்திருக்கிறார்.

பென்னாகரத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் வழக்கம். ஊட்டமலையிலிருந்து வருகிறவர்களில் சிலர் ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகள் வீட்டுப் பிள்ளைகள். பென் கன் தன் கையால் செய்து ஒளித்து வைத்த படகு, மரச்சட்டத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தியது. கிட்டத்தட்ட நம் பரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜிம் அதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறான். அது சுற்றிச் சுற்றி வருகிறது, நினைத்த பக்கம் போகவில்லை என்று அலுத்தும்கொள்கிறான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்! எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் ஜிம்மை மன்னிப்பதே இல்லை. பிறகு அவன் கப்பலின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குத் தாவிக்கொள்ள, கப்பல் அந்தப் படகை மோதி மூழ்கடிக்கிறது. தனக்குத் திரும்பும் வழி போயிற்று என்று ஜிம் எழுதுகிறான். செய்தவனுக்கு என்ன போயிற்று என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பென் கன் சொல்லும் கதையில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குவேன்.

நடை விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மூன்று ஆண்டுகள் பேச ஆளில்லாமல், தன்னையே ‘பென் கன்’ என்று வேற்றாளைப் போலக் குறிப்பிடும் பழக்கம் அவனுக்கு. ஆகவே ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘பென் கன் அப்படிச் செய்கிறவன் அல்ல’ என்று முடியலாம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் சலித்துவிடும். பயப்படும்போது மட்டும் போதும்.

கடினமான இடம் கடைசியில் இருக்கிறது. கப்பல் புறப்படும்போது கலகக்காரர்கள் மூவரைத் தீவிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த முடிவில் பென் கன்னுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி என்று ஜிம் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்கிறான். அந்தத் தனிமை எப்படிப்பட்டது என்று கப்பலில் இருப்பவர்களில் நன்கு தெரிந்தவன் அவன்தான், மகிழ்கிறவனும் அவன்தான். அவன் வாயாலேயே இதைச் சொல்லவைக்க வேண்டும். சிறுவர் கதை என்பதற்காக அந்தச் சிரிப்பை நான் எடுத்துவிட மாட்டேன்; அவனை வருந்தவைக்கவும் மாட்டேன்.