சிங்கராஜ மழைக்காட்டைப் பார்க்கப் போகும்போது எங்கே தங்குவது: ஹோட்டலா, எக்கோ லொட்ஜா?

அறுபத்தைந்து வயதுத் தாயாரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சிங்கராஜவுக்குப் போவதாகவும், இரண்டு இரவுகள் தங்குவதற்கு ஏசி வசதியுள்ள ஹோட்டலை எடுப்பதா, காட்டோரத்து எக்கோ லொட்ஜை, அதாவது சூழலைக் கெடுக்காமல் நடத்துவதாகச் சொல்லும் விடுதியை எடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, எந்த வாசல் வழியாகக் காட்டுக்குள் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வாசல் முடிவாகிவிட்டால் தங்குமிடக் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 கி.மீ. நீண்டு கிடக்கும் ஒடுங்கிய காடு. அதன் ஊடாக வாகனம் ஓடும் வீதி கிடையாது. வடமேற்கில் களவானை, வெத்தாகல வழியாகக் குடாவ வாசல், தென்கிழக்கில் தெனியாயவிலிருந்து மெதிரிப்பிட்டிய வாசல், தெற்கே லங்காகம. வரைபடத்தில் குடாவவும் தெனியாயவும் அண்டை ஊர்களைப் போலத் தெரிந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இறக்குவானைப் பக்கமாகக் காட்டைச் சுற்றி, மலைவளைவுகளில் சில மணி நேரம் ஓட வேண்டும். "சிங்கராஜவுக்கு அருகில்" என்று எழுதியிருக்கும் எந்த விடுதியிடமும், எந்த வாசலுக்கு அருகில், காலையில் அந்த வாசலை அடைய எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் பயணத்தில் படங்களில் அழகாகத் தெரிந்த ஒரு விடுதியை முன்பதிவு செய்தோம். சுற்றிலும் பச்சை, பெயரிலேயே மழைக்காடு. போய்ப் பார்த்தால் பச்சையெல்லாம் தேயிலை. வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணம். காலை உணவு எட்டு மணிக்குத்தான் என்று சமையற்கட்டில் சொல்லிவிட்டார்கள். காட்டுக்குள் நுழையும்போது பத்து மணியைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. குளிரூட்டிய அறை நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

காலை நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பறவைகள். இந்தக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் கலவைக் கூட்டங்கள் பெயர் பெற்றவை. தவிட்டுக் குருவிகள் கலகலவென்று முன்னே செல்ல, கரிச்சான் காவல் காக்க, செம்முகப் பூங்குயிலும், சிங்களத்தில் கெஹிபெல்லா என்றழைக்கப்படும் சிவந்த அலகும் நீல உடலும் கொண்ட காக்கை இனப் பறவையும் அவற்றோடு சேர்ந்து வரும். ஒரு கூட்டம் தலைக்கு மேலே கடந்து போகும் சில நிமிடங்களுக்காகவே வெளிநாட்டவர் இங்கே வருகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் காட்டுக்குள் இருப்பவர்களுக்கே அதற்கான வாய்ப்பு அதிகம். ஆகவே விடியற்காலையில் காலை உணவைப் பொதி கட்டித் தருவார்களா என்ற கேள்வி, அறையில் தொலைக்காட்சி உண்டா என்பதைவிட முக்கியமானது.

"எக்கோ" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால் நான் அதை நம்புவதில்லை. நான் பார்ப்பது தண்ணீரும் வெளிச்சமும். இக்காட்டின் ஓடைகள் வடக்கே களு கங்கைக்கும் தெற்கே ஜின் கங்கைக்கும் நீர் சேர்க்கின்றன. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத நன்னீர் மீன்கள் அவற்றில் வாழ்கின்றன. ஓடைக்கரையில் கட்டிய விடுதியின் குளியலறைக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால், உரிமையாளர் குழி இருக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அடுத்து, இரவு. செரண்டிப் ஆந்தை என்ற சிறிய செந்நிற ஆந்தை 2001இல்தான் முதன்முதலாக ஆய்வாளர் கண்ணில் பட்டது. அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2004இல். அவ்வளவு காலம் மறைந்து வாழ்ந்த உயிர்கள் உலவும் இடத்தில், மரங்களை நோக்கி மின்விளக்கு அடித்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் விடுதி எத்தனை சூரியத் தகடுகளைக் கூரையில் வைத்திருந்தாலும் எனக்கு ஒவ்வாது. வழிகாட்டியும் சமையற்காரரும் அந்தக் கிராமத்தவர்களாக இருந்தால் நல்லது. கித்துள் பாணியும் கருப்பட்டியும் அயல் வீட்டிலிருந்து வாங்குகிறார்களா என்று விசாரித்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மி.மீ. வரை மழை பெய்யும் இடத்தில் உடுப்பு காயாது. கூரையுள்ள அகன்ற விறாந்தை, கொடிகட்ட இடம், மின்விசிறி ஆகிய மூன்றும் இருந்தால் ஏசி தேவைப்படாது. இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கு அஞ்ச வேண்டாம், அவை காலில் ஏறாமல் தடுக்கும் அட்டைக் காலுறை போதும். ஆனால் அறைத்தரை நிலத்திலிருந்து உயர்ந்திருப்பது பிள்ளைகளுக்கு நிம்மதி. பெருமழை மே முதல் ஜூலை வரையும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே உங்களுக்குப் பொருந்தும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் குடாவவையே சொல்வேன். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக மரம் வெட்டியபோது போட்ட வண்டிப்பாதையே இன்று அங்கே நடைபாதையாக இருக்கிறது (வெட்டு 1977இல் நிறுத்தப்பட்டது, காடு மெல்லத் தேறிவருகிறது). அகலமான பாதை என்பதால் அம்மா ஆறுதலாக நடக்கலாம். தெனியாயப் பக்கம் அருவிகள் அழகு, தோட்டங்களில் தமிழில் பேசவும் ஆட்கள் உண்டு. ஆனால் ஓடைகளைக் கடந்து கற்களில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். குடாவவில் நுழைவுச்சீட்டு அலுவலகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் எளிய விடுதி ஒன்றை எடுங்கள். இரண்டாம் இரவை வேறு ஊர் ஹோட்டலுக்கு மாற்றாமல் அங்கேயே தங்குங்கள். முதல் நாள் மழை கெடுத்தாலும் இன்னொரு விடியற்காலை கையில் இருக்கும்.